எப்போதும்வென்றானில் நின்றுபோன எடிட்டர்

எங்கள் எடிட்டர் வெளியே இருந்த ஒரு ஃபோல்டரைப் படிக்கவில்லை. அதனால் எட்டயபுரத்தில் பருத்தி லாரிகள் ராத்திரி முழுக்க நின்றன. சம்பந்தம் இருக்கிறது. சொல்கிறேன்.

லாரியை ஏற்றி எடை போடும் எடைமேடைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கும் என்று நம்பி மாட்டிக்கொண்ட உங்களிடம் அந்தத் தொழிலின் சுகத்தை விவரிக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியில் மாடியில் ஒரு அறை. நான், கூட்டாளி சங்கரபாண்டி, புரோகிராம் எழுதும் செல்வக்கனி. அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் ஓடிய எடைமேடைகளில் முக்கால்வாசி எங்கள் புரோகிராம்தான். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீடு

ஊருக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருந்தோம். எல்லா ஊருக்கும் பொதுவான எடைக் கணக்கு மட்டும் ‘பொது’ என்று தனியாக வெளியே ஒரு ஃபோல்டரில். அங்கே திருத்தினால் எல்லா ஊருக்கும் திருத்தியது மாதிரி. நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் சொல்வேன்.

அந்த வருஷம் புது எடிட்டர் ஒன்று போட்டோம். புரோகிராமை அதில்தான் எழுதுவது. ஒரு கணக்கின் பெயரைக் கிளிக் செய்தால் அது எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிப்போகும் என்றார்கள். அதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்து இன்டெக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுமாம். படித்தது. திறந்து வைத்த ஊரின் ஃபோல்டரை மட்டும். எடைக் கணக்கைக் கிளிக் செய்தால், அப்படி ஒன்று எங்கேயும் இல்லை என்று சாதித்தது. செல்வக்கனி மவுஸைத் தள்ளி வைத்தாள்.

“பக்கத்து வீட்டுல யார் இருக்கான்னு இதுக்குத் தெரியாதாம் அண்ணாச்சி. இதையா போட்டிய?”

இரண்டாம் நடை

சும்மா இருக்கும்போது இது வேடிக்கை. சித்திரையில் எட்டயபுரத்திலிருந்து போன் வந்தது. எடைமேடை முதலாளி ராஜாமணி. காலையில் ஒரு நடை வந்த லாரி சாயங்காலம் மறு நடை வந்தால், காலையில் லோடோடு நின்ற எடையையே காலி வண்டி எடை என்று எடுத்துக் கழித்துவிடுகிறது நம் புரோகிராம். லாரி நிறையப் பருத்தி. எடைச் சீட்டில் பூஜ்யம்.

மறு நடை வண்டிகளை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மேற்கே மேகம் திரள்கிறது. பருத்தி நனைந்தால் விளைவித்த சம்சாரிக்குப் போச்சு. கரிசலில் நாலு தூறல் விழுந்தால் லாரி நின்ற இடத்திலேயே புதையும். எனக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்காமல் அவரே முடித்தார்.

“நாளைக்கு மதியத்துக்குள்ள வண்டி இறங்கலேன்னா வேற புரோகிராம் போட மதுரைக்காரன வரச் சொல்லிருதேன். பொறவு வருத்தப்படாதீய.”

டிரைவ் முழுக்க

செல்வக்கனி வீட்டுக்குப் போய்விட்டதால் அன்று ராத்திரி திருத்த உட்கார்ந்தது சங்கரபாண்டி. அவனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ‘டி’ டிரைவ் முழுவதையும் படி என்று எடிட்டருக்குச் சொல்லிவிட்டான். அது படிக்க ஆரம்பித்தது. நடுவில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கும் போகும், சொல்லாத நேரத்துக்கும் போகும். கரண்ட் வந்ததும் எடைக் கணக்கைக் கிளிக் செய்தான். ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனது. சந்தோஷமாகத் திருத்தினான்.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விடிந்ததும் நான் பஸ் ஏறினேன். எட்டயபுரத்தில் முதல் வண்டியை மேடையில் ஏற்றினோம். அதே பூஜ்யம். லாரி மேலே உட்கார்ந்திருந்த சம்சாரி குனிந்து சீட்டைப் பார்த்தார்.

“ஏலே, அப்ப நான் ராத்திரி பூரா பூஜ்யத்துக்கா காவல் இருந்தேன்?”

பழசு, ரொம்பப் பழசு

அங்கிருந்தே கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். சத்தமும் போட்டேன். போனை எடுத்தது செல்வக்கனி. சங்கரபாண்டி எந்த இடத்தைத் திருத்தினான் என்று பார்த்தாள். அது எப்போதும்வென்றான் என்கிற ஊரின் ஃபோல்டர்.

சங்கரபாண்டி எதையும் தூரப் போடமாட்டான். எதைத் தொட்டாலும் அதற்கு முன்னால் ஒரு நகல். ‘பழசு’, ‘பழசு இரண்டு’, ‘ரொம்பப் பழசு’. எங்கள் முதல் வாடிக்கை எப்போதும்வென்றான் என்பதால் அங்கேதான் குவியல். எடிட்டர் எழுத்து வரிசைப்படி வந்து அந்தக் குவியலில் இறங்கியிருக்கிறது. கரண்ட் போனபோது அதற்குள்ளேதான் கிடந்தது. ‘பொது’ ஃபோல்டரை எட்டவே இல்லை. கரண்ட் வந்ததும், படித்தவரைக்கும்தான் உலகம் என்று நினைத்துக்கொண்டது. செத்துப்போன நகல் ஒன்றை எடுத்து நீட்டியது. இவன் அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறான்.

செல்வக்கனி அந்த இன்டெக்ஸை அழித்தாள். எடிட்டரின் செட்டிங்கில் வெளி ஃபோல்டர் சேர்க்கும் இடத்தைத் தேடிப் பிடித்து ‘பொது’வைச் சேர்த்தாள். பிறகு எங்கள் புரோகிராம் ஓடுகிற ஊர்களை மட்டும். பழசு என்று பெயர் வைத்த எதையும் தொடாதே என்று கட்டளை. டீ வருவதற்குள் படித்து முடித்துவிட்டது. இந்த எடைக் கணக்கை எந்தெந்த ஊர் புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்துகிறது என்று எடிட்டரிடமே கேட்டாள். பசுவந்தனையும் கூப்பிடுகிறது என்றது. அங்கே டிராக்டரில் வரும் உளுந்து எடை கெடாதபடி பார்த்துத்தான் கை வைத்தாள். சங்கரபாண்டி தன் நகல்களுக்காக மன்றாடியது போனில் எனக்கே கேட்டது.

“பழசெல்லாம் ஒங்க வீட்டுப் பரண்ல கெடக்கட்டும் அண்ணாச்சி. எடிட்டர்ல எதுக்கு?”

மேடையில்

திருத்திய புரோகிராம் இன்டர்நெட் சென்டர் வழியாக வந்து சேர்ந்தது. அதே லாரி. அதே சம்சாரி. சீட்டில் பருத்தி எடை ஒழுங்காக விழுந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பின்னால் நின்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கடைசி வண்டியைப் பருத்தி அடுக்கும் கிட்டங்கிக்குள் விட்டுக் கதவை இழுக்கும்போதுதான் மழை பிடித்தது. ராஜாமணி வாசலில் நின்று நனைந்துகொண்டே சொன்னார்.

“மதுரைக்காரன நம்பியிருந்தா இந்நேரம் சாத்தூரத்தான் தாண்டியிருப்பான்.”

எடிட்டரை வாங்கிப் போட்டது தான்தான் என்று சங்கரபாண்டி இன்றும் சொல்லித் திரிகிறான், எட்டயபுரத்துக்கு பஸ் டிக்கெட் எடுத்தது நான், சரி செய்தது செல்வக்கனி.