பாலத்துக்கு அடியில் தண்ணீர் வடியும் வரை

லெயோந்தீன் பிறந்தது சரக்குப் படகில். வாக்கப்பட்டதும் இன்னொரு சரக்குப் படகுக்குத்தான். தரையில் அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம், லியோன் நகரத்தில் வாழ்ந்த மகள் ஓதில்.

படகுக்காரர்கள் யாரையும் பார்ப்பதற்கென்று தனியாகக் கிளம்புவதில்லை. கல்யாணமோ கருமாதியோ, சரக்கு அந்தப் பக்கம் போனால் இறங்கித் தலையைக் காட்டுவார்கள். ‘போற வழியில வர்றோம்’ என்பதுதான் எல்லாருக்கும் அவர்கள் சொல்லும் பதில். ஆறு வயது ஓதிலைப் படகுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் விட்டபோதும் லெயோந்தீன் அதையேதான் சொன்னாள். அப்பாவின் ஹாரன் கேட்கிறதா என்று பிள்ளை ஜன்னலிலேயே கிடக்கும். வளர்ந்த பிறகு, படகுக்காரனைக் கட்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, ரொட்டிக்கடை குளோவிஸைக் கட்டிக்கொண்டாள். ஆனால் வாடகைக்கு எடுத்ததென்னவோ சோன் ஆற்றைப் பார்த்த வீடு. படகு பாலத்தை நெருங்கும்போது அவள் அப்பா ஃபிர்மேன் ஹாரன் அடித்தால் மூன்றாம் மாடியிலிருந்து வெள்ளை மேசைத்துணி ஒன்று தொங்கும். அன்றைக்கு முயல்கறி, வயிறு குலுங்கச் சிரிப்பு.

அந்தக் குளிர்காலத்தில் ஆறு கரைபுரண்டது. பாலங்களுக்கு அடியில் படகு நுழைய இடமில்லை. கோதுமை ஏற்றியிருந்த லெயோந்தீனும் ஃபிர்மேனும் மற்ற படகுகளோடு, லியோனுக்கு மேல்பக்கம் ஷலோன் துறையில் கட்டிக் கிடந்தார்கள். கரையில் இருந்த காப்பிக்கடைக்கு குளோவிஸ் போன் செய்தான். ஓதிலுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவேண்டும் என்றான். தண்ணீர் வடிந்ததும் வந்துவிடுகிறோம் என்றாள் லெயோந்தீன்.

பக்கத்துப் படகுக்காரி ரெய்மோந்த் அதைக் கேட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, ரயிலடி அந்தா தெரியுது. ஏறிப் போயேன். ஆத்துக்குத்தான் வெள்ளம், ரயிலுக்குமா?”

“தண்ணி ஏறி இறங்குறப்ப கயித்தத் தளத்தி இறுக்க ரெண்டு ஆள் வேணும்டி. இவரு ஒத்தையா என்ன செய்வாரு?”

“என் வீட்டுக்காரன் சும்மாதான் உக்காந்து திங்கிறான். அவன் பாத்துக்குவான்.”

ஃபிர்மேன் புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. வெள்ளத்தில் படகை விட்டு இறங்குகிறவள் என்ற பேர் அவள் அம்மாவுக்கும் வந்ததில்லை, அவளுக்கும் வரக்கூடாது. அதோடு, சின்ன வயதிலிருந்தே ஓதில் காத்திருப்பது படகுக்குத்தான், ஹாரன் சத்தம் கேட்டாலே பாதி நோய் போய்விடும் என்று மனதார நம்பினாள். பெற்றவளே இப்படியா நினைப்பாள் என்று தரையில் வாழ்கிறவர்கள் கேட்கலாம். தண்ணீரில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் புத்தி. விடிந்ததும் போய் ரயில் பாலத்தின் தூணில் ஈரக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் தலைக்கு மேலே ரயில்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒருவழியாக வெள்ளம் வடிந்து லியோனுக்குள் நுழைந்தபோது ஃபிர்மேன் ஹாரன் அடித்தான். துணி தொங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று லெயோந்தீன் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் அடித்தான்.

கரையில் குளோவிஸ் கறுப்புச் சட்டையில் நின்றிருந்தான். அடக்கம் முடிந்துவிட்டது. லெயோந்தீன் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“படகு வருதான்னு கேட்டாளா?”

“இல்ல, அத்த. அம்மா எந்த ரயிலுக்கு வர்றாங்கன்னு கேட்டா. கதவு திறக்குறப்பல்லாம் தலையத் தூக்கிப் பாத்தா.”

லெயோந்தீன் அழவில்லை. கயிற்றைக் கட்ட மறந்துவிட்டாள். படகு மெல்ல விலகிப் போவதைப் பார்த்து ஃபிர்மேன்தான் கத்தினான்.

அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் ஃபிர்மேன் ஹாரன் அடிப்பதில்லை. அடுத்த கல்லறைத் திருநாள் வந்தபோது சரக்கு வேறு திசையில் போக இருந்தது. லெயோந்தீன் யாரையும் கேட்கவில்லை. மகளின் கல்லறைக்குச் செவ்வந்திப் பூக்களோடு படகை விட்டு இறங்கி, ஷலோனில் வாழ்க்கையில் முதன்முறையாக ரயில் ஏறினாள். படகில் போனால் நாள்கணக்காகும் தூரம் ஆயிற்றே என்று இரண்டு வேளைக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு, பின்னல் வேலையும் எடுத்துக்கொண்டாள். சாக்ஸ் கணுக்கால்வரை வருவதற்குள் எல்லாரும் எழுந்து பெட்டிகளை இறக்கினார்கள்.

“லியோனா? அதுக்குள்ளயா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்.

“லியோன்தாம்மா. இறங்குங்க.”

ரொட்டி மடியில் பிரிக்காமல் இருந்தது. ரயில்பெட்டி காலியான பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.