நீதிமன்றத்துக்கு ஒரு சட்டை

காலரில் தொடங்கி, கைகளை முடித்து, முதுகுப் பக்கம் வரும்போது இஸ்திரிக்காரம்மாவின் உதடுகள் அசைய ஆரம்பித்துவிடும். யாருடைய துணியோ அவருக்காக ஒரு ஜெபம். டீச்சர் துணிக்கு மூட்டுவலி, மளிகைக்காரர் சட்டைக்கு அவர் மகளின் கல்யாணம். ஒருமுறை போலீஸ்காரரின் பேன்ட் முழங்காலில் கருகிவிட்டது. "அவருக்கு வேண்டிக்க நிறைய இருந்துச்சு, கை அங்கேயே நின்னுபோச்சு" என்றார். புதுப் பேன்ட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சமாதானம்.

கழுத்துச் சங்கிலியில் சிலுவை வெளியேதான் தொங்கும். மதத்தின் பேரால் தெரு இரண்டுபட்டதும் சிலர் அதை உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், பக்கத்து வீட்டிலிருக்கும் நானும் சொன்னேன். "என் கழுத்து, என் சங்கிலி. யாரை உறுத்துது?" என்று கேட்டுவிட்டுத் துணிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெரு வேன் டிரைவர் பட்டப்பகலில் கல்லெறிந்து தேவாலயத்தின் ஜன்னலை உடைத்தான். எதிரே கடையில் நின்ற இவர் பார்த்துவிட்டார். வேறு சாட்சி இல்லை. வாயைத் திறந்தால் பாதித் தெருவின் துணி வராது என்று அவன் ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வேலைக்குப் போக முடியாத கணவருக்குப் பயம்.

"கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லிடேன்."

"தெரியாத கண்ண வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா மடிப்பு எடுக்கறேன்?"

விசாரணை நாள் காலையில் நான் கடையில் இருந்தேன். வேன் டிரைவர் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். தெருவில் வேறு இஸ்திரிக் கடை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரோ சட்டையை வாங்கி விரித்தார். முதுகுப் பக்கம் வந்தபோது உதடுகள் அசைந்தன. மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஆனது.

அவன் அங்கேயே சட்டையை மாட்டிக்கொண்டான்.

"என்னக்கா சொல்லப் போறீங்க?"

"பாத்தத சொல்லுவேன், தம்பி. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. பட்டன் போட ஆரம்பித்தான். நெஞ்சுக்கு நேராக இருந்த பட்டன் ஒற்றை நூலில் தொங்கியது.

"இப்படியா ஜட்ஜ் முன்னாடி போய் நிப்பே? அசையாத."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு தையல் போட்டு முடிச்சிட்டு, அவன் நெஞ்சருகே குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.