சொர்ணம்மாள் பெயரில் விழுந்த பரிசு

இராமையாவுக்கு வாக்குக் கொடுப்பதில் ஒரு கைதேர்ச்சி உண்டு. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுத்தான், அது என்ன என்று யோசிக்கத் தொடங்குவார். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறேன் என்பார், மூங்கில் இருக்காது. பிணத்துக்கு வண்டி சொல்கிறேன் என்பார், வண்டிக்காரன் ஊரில் இருக்கமாட்டான். யாங்கோனின் அலோன் படகுத்துறைக் கிடங்கில் அரிசி மூட்டைகளின்மேல் அச்சுத் தகட்டை வைத்து, கறுப்பு மை தொட்டு எழுத்தடிப்பது அவர் வேலை. அவர் அடித்த எழுத்து கப்பலேறி எங்கெங்கோ போயும் அழியாது. அவர் கொடுத்த வாக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தாகேதா பாலத்தைத் தாண்டுவதற்குள் அழிந்துவிடும்.

அவர் பெண்சாதி சொர்ணம்மாளோ வாயைத் திறப்பதற்கு முன்னால் பத்து முறை யோசிப்பவள். இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்தால் என்ன நடக்குமோ அது இருபத்திரண்டு வருஷமாக நடந்தது. சண்டை போட்ட மறுநாள், தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல இராமையாவுக்கு நாக்கு வளையாது. ஒலிபெருக்கி கட்டிய லாட்டரி வண்டி தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது ஒரு சீட்டு வாங்குவார். அரசாங்க லாட்டரிக்கு அங்கே அவுங்பாலே என்று பெயர். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் அவள் சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல மாடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் எடுத்துப் பிஸ்கோத்து டப்பாவில் போட்டுவிட்டால் சமாதானம். பெரிய சண்டை என்றால் இரண்டு சீட்டு. அவர் லாட்டரி வண்டிப் பக்கம் போவதைப் பார்த்தாலே அக்கம்பக்கத்துப் பையன்கள், நேற்று வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பார்கள்.

2005ஆம் வருஷம் மழைக்காலத்தின் கடைசியில் வந்தது இரண்டு சீட்டுச் சண்டை.

அவர்கள் குடியிருந்த மரவீடு டோ திண் மியா என்ற பர்மாக்கார அம்மாவுடையது. முன்கட்டில் இவர்கள், பின்கட்டில் அந்த அம்மா. மண்டலேயில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான், வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன், விலை ஐம்பத்திரண்டு லட்சம், நீங்கள் வாங்குகிறீர்களா, இல்லை தரகரிடம் சொல்லட்டுமா என்று அந்த அம்மா ஒரு நாள் காலையில் வந்து கேட்டாள். இராமையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மழை முடிந்து வரும் விளக்குத் திருவிழா வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சட்டைப்பையில் இருந்தது பஸ்ஸுக்குப் போக, ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆகும்.

சொர்ணம்மாள் அந்த வீட்டு வாசலில்தான் பதினெட்டு வருஷமாகப் பருப்பு வடை சுட்டு விற்கிறாள். வடை சுடுகிறவளுக்கு யாங்கோனில் வாடகை வீடு கிடைப்பது லேசல்ல. எண்ணெய்ப் புகைக்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். இந்த வாசல் போனால் அவள் வியாபாரம் போச்சு, வியாபாரம் போனால் மாதத்தில் பாதி நாள் அடுப்பு எரியாது. அதனால்தான் அன்றைக்கு அவள் யோசிக்காமலே வாயைத் திறந்தாள். மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

மறுநாள் இராமையா இரண்டு சீட்டு வாங்கினார். அதில் ஒன்றுக்கு ஐம்பது லட்சம் விழுந்தது.

பர்மா எண்களை அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். குலுக்கல் முடிந்து வந்த தாளை வாசலில் உட்கார்ந்து மூன்று தரம் ஒத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். வடைக்கு நின்றவர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொன்னாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இராமையா வேலைவிட்டு வந்தபோது அணைந்த அடுப்பைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். ஆனால் அதைக் கேட்டால் மை கண்ணில் பட்டுவிட்டது என்பார்.

இன்னும் இரண்டு லட்சம்தான் வேண்டும். பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் புரட்ட ஆளில்லை. அந்த யோசனையோடு மறுநாள் காலையில் ஆணி வாங்க அப்துல் சமதின் கடைக்குப் போனார். இரும்புச் சாமான் கடை. சமதுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. நல்ல மனுஷன், தராசில் கை வைக்காதவர். சேதி அவருக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார், தேநீர் சொன்னார். தேநீர் சொன்னபோதே இராமையா உஷாராகியிருக்க வேண்டும்.

சமது தன் மகள் ஜஸீலாவுக்கு ஒரு மாடி வீடு பார்த்திருந்தார். பணம் கையில் இருக்கிறது. ஆனால் பத்திரம் பதியப் போனால், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வரி ஆபீசில் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் அங்கே காட்டிய கடைக் கணக்கைப் படித்தால், பாவம் இந்த ஆள், கஞ்சி ஊற்றலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படிப்பட்டவர் திடீரென்று வீடு வாங்கினால் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். லாட்டரிப் பரிசுக்கு அந்த வரி இல்லை. அரசாங்கமே நடத்தும் லாட்டரி, சீட்டு விற்கும்போதே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, விழுந்தவனிடம் மறுபடி கேட்பதில்லை. பரிசு வாங்கிய தாளைக் காட்டினால் ஆபீசர் வாயை மூடிக்கொள்வார். இதையெல்லாம் சமது பொறுமையாக விளக்கினார்.

“அந்தச் சீட்டை எனக்குக் குடுங்கண்ணே. அம்பத்தஞ்சு தர்றேன். உங்களுக்கும் வீடு, எனக்கும் வீடு. அல்லா ஒரே சீட்டுல ரெண்டு பேருக்கு எழுதியிருக்கான்.”

ஐம்பத்தைந்து. வீட்டுக்கு ஐம்பத்திரண்டு போனாலும் மேலே மூன்று நிற்கும். கூரைக்குப் புதுத் தகரம் போடலாம். இராமையா வழக்கம்போலச் சரி என்று கையைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கப்புறம் சீட்டும் பணமும் கைமாறும் என்று பேச்சு.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். சொர்ணம்மாள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, ராஜரத்தினத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள்.

ராஜரத்தினம் வரி ஆபீசில் முப்பது வருஷம் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசர் அறைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாகவே சட்டம் முழுவதையும் கற்றுக்கொண்டவர். ஆபீசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கதவு இடுக்கு மாறவில்லை. ஆகையால் எந்த ஆபீசரைவிடவும் தனக்கே அதிகம் தெரியும் என்பது அவர் கட்சி. இவர்கள் போனபோது கைலியோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோழியைப் பார்த்தபடியே இராமையாவிடம் கேட்டார்.

“வீடு யார் பேர்ல வாங்கப் போறே?”

“இவ பேர்லதாண்ணே. எனக்குத்தான் அட்டை இல்லையே.”

அது உண்மை. இராமையா பிறந்தது தாகேதாவில், அவர் அப்பா பிறந்தது அலோனில். ஆனாலும் அவரிடம் இருந்தது வெளிநாட்டார் அட்டை, அதை வைத்து நிலம் வாங்க முடியாது. சொர்ணம்மாளுக்கு மட்டும் எப்படியோ குடியுரிமை அட்டை கிடைத்திருந்தது.

“சரி. இவ பத்திரம் பதியப் போறா. ஆபீசர் கேக்குறான், வடை சுடுற பொம்பளைக்கு அம்பத்திரண்டு லட்சம் ஏதும்மான்னு. என்ன சொல்லுவா?”

“லாட்டரின்னு சொல்லுவா.”

“எங்கே தாளுன்னு கேப்பான். தாளு சமது பாய் பேர்ல இருக்கும்.” ராஜரத்தினம் கடைசிப் பிடித் தவிட்டையும் எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். “பணத்துக்கு வரி இல்லேன்னு யாருடா சொன்னது? பேருக்குத்தான் வரி இல்லே. பேரை வித்துட்டா உன் கையில இருக்கறது அப்பன் பேர் தெரியாத பணம். சமதுகிட்ட வெட்டவேண்டிய துண்டை உங்கிட்ட வெட்டுவான்.”

அப்படி வெட்டினால் மிஞ்சுவதில் வீட்டின் வாசற்படியைக்கூட வாங்க முடியாது என்று இராமையாவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. சமது தன் தலையிலிருந்த சுமையை இறக்கி, மேலே மூன்று லட்சத்தைப் பூவாக வைத்து, இவர் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதை இராமையா இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

திரும்பி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இருவருக்கும் ஒரே குடை. சொர்ணம்மாள் திட்டுவாள் என்று அவர் காத்துக்கொண்டே வந்தார். பாலத்தடிக்கு வந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

“ரேஷன்ல உங்க பேரு. வாடகைச் சீட்டுல உங்க பேரு. எம்பேரை ஒரு தாள்லயும் நான் பாத்ததில்லைங்க. அட்டை ஒண்ணைத் தவிர.”

அவ்வளவுதான் சொன்னாள். இராமையா தன் வாழ்நாளில் எத்தனை மூட்டைகளில் யார் யார் கம்பெனிப் பெயரை அடித்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தக் கை அன்றைக்குக் குடைக்காம்பைப் பிடித்தபடி சும்மா இருந்தது. குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். அவர் தோள் நனைந்தது.

கொடுத்த வாக்கைத் தானே போய்த் திரும்ப வாங்கியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மற்ற வாக்குகள் தாமாகவே செத்துப்போகும், இவர் ஒளிந்துகொண்டால் போதும். இதற்கு நேரில் போக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில், கடை திறக்கும் முன்பே போய்ச் சமதின் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். சமது வந்து பூட்டைத் திறக்கும்வரை காத்திருந்தார். பிறகு சீட்டு கொடுப்பதற்கில்லை என்றார்.

சமது அறுபது தருகிறேன் என்றார். இராமையா எழுந்து நின்றார்.

“காசுக்காக இல்லே பாய். எம் பொண்சாதிக்குப் பேரு வேணும்.”

“கை குடுத்தீங்களேண்ணே.”

“குடுத்தேன். தப்பு எம்மேலதான்.”

சமது சத்தம் போட்டிருந்தால் இராமையாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், தானும் நாலு வார்த்தை போட்டுவிட்டு வந்திருப்பார். சமதோ ஆணிப் பெட்டிகளை வெளியே எடுத்துவைக்கத் தொடங்கினார். இராமையா இரண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது பெட்டியைச் சமது அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போங்கண்ணே, வேலைக்கு நேரமாச்சு என்றார். அதற்கப்புறம் ஆறு மாதம் பேசவில்லை. மகள் வீட்டுக்கு வரியைக் கட்டித்தான் பதிந்தார். என்னை ஒழுங்காக வரி கட்டுகிறவன் ஆக்கியது இந்த இராமையாதான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்ததாகப் பிற்பாடு கேள்வி.

சீட்டு சொர்ணம்மாள் பெயரில் பரிசாக மாறியது. தாளில் அவள் பெயரைப் பர்மா எழுத்தில் சுழித்துச் சுழித்து எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதைப் படித்துப் பார்த்து, ஒரு சுழி விட்டுப்போயிற்று என்று திருத்தச் சொன்னாள். குமாஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு திருத்தினான்.

ஆனால் இரண்டு லட்சம் அப்படியே நின்றது. விளக்குத் திருவிழாவுக்கு ஒன்பது நாள். இராமையா மறுபடியும் யாரிடமாவது போய் வாக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, சொர்ணம்மாள் அவரை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டுத் தானே பின்கட்டுக்குப் போனாள். சுடச்சுட வடை ஒரு தட்டில். இராமையா பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

இருவரும் நெடுநேரம் மண்டலே வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மருமகள் சமையலைப் பற்றிப் பேசினார்கள். மகன் வீட்டில் தனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை என்று டோ திண் மியா சொன்னபோது குரல் ஒரு மாதிரி ஆயிற்று. அப்போதுதான் சொர்ணம்மாள் கேட்டாள்.

“பின்கட்டை நீங்களே வச்சுக்குங்கம்மா. இருக்கற வரைக்கும். வாடகை வேணாம். விலையில ரெண்டைக் குறைச்சுக்குங்க.”

இராமையா காதை இன்னும் அழுத்தி வைத்தார். அந்த அம்மா, உன் புருஷன் சுவரில் காது வைத்துக் கேட்கிறான், அவன் வெற்றிலை வாசனை இங்கே வருகிறது என்றாள். பிறகு, எண்ணெய்ச் சட்டியை என் ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது என்றாள். அதுதான் சம்மதம் என்று புரிந்துகொள்ள இராமையாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்திரம் பதிந்த அன்றைக்கு ஆபீசர் எதிர்பார்த்தபடியே கேட்டார், வடை சுடுகிறவளுக்குப் பணம் ஏது என்று. சொர்ணம்மாள் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் படித்தார், முத்திரை குத்தினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். இத்தனை அலைச்சலுக்கும் கிடைத்த பதில் அந்த ஒரு முத்திரைச் சத்தம்தான். வெளியே வந்து பத்திரத்தை மழைக்காகிதத்தில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

இராமையா அப்படியே வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். வாசலில் வடைக் கும்பல் கலைந்திருந்தது. அவள் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நேரே உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறவர், அன்றைக்குப் படிக்குக் கீழேயே நின்றார். மைக்கறை படிந்த கைகளைக் கட்டிக்கொண்டார்.

“வீட்டுக்காரம்மா, இங்கே வாடகைக்கு இடம் இருக்குங்களா?”

சொர்ணம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எத்தனை பேரு?”

“ஒரே ஆளுதாங்க. கொஞ்சம் வெத்தலை போடுவேன்.”

“முன்பணம் இருக்கா?”

“இல்லீங்க.”

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண்ணில்தான் நீர் வந்தது. சற்று நகர்ந்து வழிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். பின்கட்டிலிருந்து டோ திண் மியா, வாசலில் யார் என்று பர்மா பாஷையில் கேட்டாள். புதுசாக ஒரு குடித்தனக்காரர் வந்திருக்கிறார் என்று சொர்ணம்மாள் குரல் கொடுத்தாள்.