உடுப்பிட்டி வெயிலும் ஒரு சந்தனப் பொட்டும்

கடல் கடந்து எங்கோ ஓர் எரிமலை வெடித்ததற்காக மாசியில் யாழ்ப்பாணம் போனேன் என்றால் சிரிப்பீர்கள். வீட்டிலும் சிரித்தார்கள். பல ஊர் ஆர்வலர்கள் வெயிலின் வலுவைச் சிறு கருவியால் அளந்து அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து அவற்றைத் தொகுப்பது என் பொழுதுபோக்கு. வெடிப்புக்குப் பிறகு நாள் தவறாமல் அளந்தது யாழ்ப்பாணத்து உடுப்பிட்டி மட்டுமே; அந்த அளவுகள் இறங்கிவிட்டன. வழக்கத்துக்கு மாறானதைக் கழிக்கும் எங்கள் கணினி நிரல், கருவிக் கோளாறு என்று அத்தனையையும் ஒதுக்கிவிட்டது. அளந்தவர்கள் விஞ்ஞான ஆசிரியர் சிவநேசன் அண்ணையும் அவருடைய மாணவர்களும். மாதக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போவதா என்று அண்ணைக்குக் கோபம். சரிபார்த்த என் கருவியோடு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து உடுப்பிட்டிக்கு ஓட்டோ, முந்நூறு ரூபா. பெட்டிக்குள் என்ன என்று ஓட்டோக்காரர் கேட்டார். வெயில் அளக்கும் கருவி என்றேன்.

"அளந்து என்ன செய்யப் போறியள்? இஞ்சை அது சும்மா கிடைக்குது!"

அண்ணை மொட்டை மாடியில் காத்திருந்தார். அவருடைய கருவியின் கண்ணாடி ஓரத்தில் குங்குமத்தோடு ஒரு சந்தனப் பொட்டு!

"இதென்ன அண்ணை?"

"வெள்ளிக்கிழமை பூசை முடிய மோட்டச்சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிறனான். அப்பிடியே உதுக்கும் ஒண்டு." சொல்லும்போதே அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, பள்ளிக்கூடப் பொடியளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

பொட்டுத்தான் வெயிலை மறைத்ததோ என்று எனக்கும் சப்பென்று போய்விட்டது. ஈரத் துணியால் துடைத்து, இரண்டு கருவிகளையும் உச்சி வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேகமே இல்லை. இரண்டும் ஒரே அளவைக் காட்டின, அவர் இத்தனை நாளும் அனுப்பிய அதே குறைந்த அளவை. பொட்டு ஓரத்தில்தான் இருந்திருக்கிறது, ஒளி விழும் இடத்தை மறைக்கவில்லை. சந்தோசத்தில் துள்ளாத குறை.

எரிமலை கக்கும் வாயு, மேகங்களுக்கும் மேலே போய் நுண்ணிய துளிகளாகிப் பரவி, வெயிலில் ஒரு பங்கைச் சிதறடிக்கிறது. அந்த உயரத்தில் மழை இல்லாததால் கழுவப்படாமல் மாதக்கணக்கில் நிற்கும். நிரலுக்கு வழக்கம் மட்டுமே தெரியும், எரிமலை தெரியாது.

மாலை பொழுதுபட்ட பிறகும் மேற்கு இருளவில்லை. அந்தத் துளிகள் சிதறடித்த ஒளியில் கத்தரிப்பூ நிறமாக விரிந்துகொண்டே போனது.

"உந்த வானத்தையோ பிழை எண்டு வெட்டினனீர்?"

"ஓம் அண்ணை," என்று அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அத்தனை அளவுகளையும் திரும்பச் சேர்த்தேன்.

இப்படி அளக்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். தொப்பி, தண்ணீர், கருவியைத் துடைக்க மெல்லிய துணி கட்டாயம். பொழுதுபட்டதும் பஸ்ஸுக்கு ஓடாமல் அரை மணி நேரம் வானத்தைப் பாருங்கள்.

புறப்படும்போது அண்ணை என் கருவியை வாங்கி, கவனமாகப் பின்பக்கம் திருப்பி ஒரு பொட்டு வைத்தார். இன்னும் நான் அதைத் துடைக்கவில்லை.