செம்முனி எத்தனை அடி

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள், முதல் முறை போன எங்களுக்குக் கடலையும் காட்டவில்லை, பனிமலையையும் காட்டவில்லை. காரில் ஏற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளக்கொல்லையாக இருந்த சாலையில் அரைநாள் ஓட்டிக்கொண்டு போய், சிமென்டில் செய்த ஒரு பூசணிக்காயைக் காட்டினாள். எங்கள் வீட்டைவிடப் பெரிய பூசணிக்காய். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரலாம். நுழைந்தோம். வெளியே வந்தோம்.

"அவ்ளோதானா?" என்றாள் என் மனைவி.

"அவ்ளோதாம்மா" என்றாள் மகள், மிகுந்த திருப்தியோடு.

அவளுக்கு இது ஒரு பைத்தியம் என்று அப்போதுதான் தெரிந்தது. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு இந்த மாதிரிப் பொருள்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவாளாம். பெரிய நூல்கண்டு, பெரிய காபி கெண்டி, கண் சிமிட்டும் பெரிய பசுமாடு. அந்த நாட்டில் சின்ன ஊர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெருமைப்பட ஒன்றும் இல்லையென்றால் ஏதாவது ஒன்றைப் பெரியதாகச் செய்து ரோட்டோரம் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. உயரம் இத்தனை, எடை இத்தனை, உலகிலேயே பெரியது. அறுபது மைல் தள்ளி இன்னொரு ஊரில் இன்னொரு நூல்கண்டு இருக்கும். அதன் பலகையும் அதையேதான் சொல்லும்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். உலகத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தவன். இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து சிமென்டுக் காய்கறி பார்ப்பதில் எனக்கு முதலில் ஒப்புதல் இல்லை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. வண்டியை ஓட்டுவது மகள். வில்லியனூர் கடைத்தெருவில் அவள் ஸ்கூட்டர் பழகியபோது பின்னால் உட்கார்ந்து நான் போட்ட சத்தம் இன்னும் அவள் ஞாபகத்தில் இருக்கிறது. இப்போதும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு சிற்றூரின் முகப்பில், டயர் கடை வாசலில் அவன் நின்றான். ஃபைபரில் செய்த மனிதன். சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, கையில் கோடாலி. முகத்தில் எதற்கும் அசராத ஒரு பார்வை.

"நிறுத்துடி" என்றாள் மனைவி.

வண்டி நிற்பதற்குள் அவள் செருப்பு காரிலேயே கழன்றுவிட்டது. வெறுங்காலோடு சரளைக்கல்லில் இறங்கி, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, நீங்களும் ஷூவ கழட்டுங்க."

"இது டயர் கடை விளம்பரம்" என்றேன்.

"கையில இன்னா வெச்சிக்கினு இருக்காரு பாருங்க. ஊருக்குள்ள நொழையற எடத்துல மொத ஆளா நிக்கறாரு. வெயிலு, மழ எதுவும் பாக்கல. முனி இல்லாம இவரு வேற யாரு?"

முப்பது வருடம் புத்தகத்தோடு புழங்கிய நான் குனிந்தேன். ஷூவைக் கழற்றினேன். சரளைக்கல் கொதித்தது. எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று காரில் தேடினாள். எலுமிச்சை மிட்டாய்தான் இருந்தது. மூன்று மிட்டாயைக் காகிதம் பிரித்து அவன் பூட்ஸ் காலடியில் வைத்தாள். சுற்றி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு மாலை இல்ல, ஒரு சூடம் இல்ல. எப்டி எளச்சிப்போயிருக்காரு பாருங்க. ஒட்டிப்போன கன்னம்."

கடைக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். டயர் விற்பது, பெரிய மனிதனின் படம் போட்ட அட்டை விற்பது இரண்டும் அவர் பொறுப்பு. ஏன் வெறுங்காலில் நிற்கிறோம் என்று கேட்டார். என் மகள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒருத்தர் இருக்காரு. இதவிடப் பெரியவரு."

அதை அவள் இங்கிலீஷில் சொன்னாள். ஆனாலும் கழுத்தை நிமிர்த்திய விதம் எங்கள் உறுவையாறு பக்கத்துக் கழுத்து. இதே பெண் பள்ளிக்கூட வேனில் போகும்போது எங்கள் ஊர் செம்முனியைத் தாண்டும் வரைக்கும் சீட்டுக்கு அடியில் குனிந்துகொள்வாள். "உங்க ஊரு ரோஸ் கலர் பூதம் வந்துடுச்சிடி" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்களாம். அந்த வருடம் பெயின்ட் கடையில் மலிவாகக் கிடைத்தது ரோஸ் கலர். சாமி என்ன செய்யும்?

டயர் கடை அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். தன் ஆளின் உயரம் இருபத்திரண்டு அடி என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"உங்களுடையவர் எத்தனை அடி?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கோடாலியோடு நின்ற செம்முனியின் தம்பியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவர் காலடியில் விழுந்து எழுந்த குடும்பம். உயரம் தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்று மகள் அந்த அம்மாளின் நம்பரை வாங்கிக்கொண்டாள். காரில் ஏறியதும் என்னிடம் திரும்பினாள். "ஆடி மாசம் ஊருக்கு வருவேன்பா. அதுக்குள்ள கண்டுபிடிச்சி வெச்சிடுங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்."

வெளிநாடு போனால் பிள்ளைகள் ஊரை மறந்துவிடுவார்கள் என்று என்னிடம் ஆறுதல் சொன்னவர்கள் பலர். என் பிள்ளை ஊர்ச் சாமியின் உயரத்தைக் கேட்கிறது. இதற்குப் பதில் சொல்லாவிட்டால் நான் என்ன அப்பன்?

ஊருக்கு வந்த மறுநாளே கோயிலுக்குப் போனேன். செம்முனி இடக்காலை மடித்து, வலக்காலைத் தொங்கவிட்டு, வலக்கையில் கத்தியை நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தே தென்னையைத் தொடுகிறார். எழுந்து நின்றால் வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் வந்துவிட்டதா என்று பார்க்கலாம். இப்போது நல்ல சிவப்பு. மீசை மட்டும் ஒரு மாட்டுவண்டி நுகத்தடி நீளம்.

பூசாரி என்னோடு படித்தவன். செவ்வாய், வெள்ளியில் பூசை. மற்ற நாளில் வில்லியனூருக்கு ஷேர் ஆட்டோ.

"நம்ம சாமி எத்தன அடிடா?" என்றேன்.

"எதுக்கு, சட்ட தெக்கப் போறியா?"

"அளந்து பாக்கலாம்னு."

"அளக்கக் கூடாது. புள்ளைய அளந்தா வளருமா? ஆள அளக்கறவன் ரெண்டே பேரு. ஒண்ணு டைலரு. இன்னொண்ணு குழி வெட்றவன். நீ எதுல சேத்தி?"

நான் அமெரிக்கா போய் வந்தவன். அங்கே கற்றதை இங்கே செயல்படுத்துவது என்று முடிவு செய்தேன். பக்கத்துத் தென்னையை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டு, கோயிலை ஒட்டிய ரோட்டுத் திருப்பத்தில் ஒரு தகரப் பலகை நிறுத்தினேன். 'தென்னிந்தியாவிலேயே மிக உயரமான செம்முனி. அறுபது அடி.' உலகிலேயே என்று எழுதக் கை துடித்தது. நூலகர் என்ற பொறுப்பு தடுத்தது.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு என் மைத்துனன் போன் செய்தான். மனைவியின் தம்பி. பாகூர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறான். அவர்கள் ஊரிலும் ஒரு முனி உண்டு. வாமுனி.

"மாமா, எங்க ஊரு போர்டு பாத்தீங்களா?"

"இன்னா போர்டு?"

"அறுபத்தோரு அடி."

"யாருடா அளந்தது?"

"உங்களுத யாரு அளந்தாரோ அவருதான் மாமா."

மனைவியிடம் நியாயம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நான் ரெண்டு பேருக்கும் பொங்க வெச்சவ. என்ன எந்தக் கட்சியிலயும் சேக்காதீங்க" என்றாள். தம்பி போன் செய்தால் மட்டும் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

அடுத்த வாரம் மைத்துனன் நேரில் வந்தான். மகள் வருவதற்கு முன்னால் இரண்டையும் அளந்துவிடலாம், யாருடையது குள்ளமோ அவர் தன் கையாலேயே போர்டைப் பிடுங்கிப் போட வேண்டும் என்றான். வாய் சும்மா இருக்குமா, சரி என்றுவிட்டேன். அவன் போன பிறகுதான் எனக்கு வாமுனியின் கத்தி ஞாபகம் வந்தது. அது தலைக்கு மேலே ஒரு ஆள் உயரம் போகும்; எங்களவர் கத்தி காதோடு சரி. உடனே போன் செய்தேன்.

"கத்திய சேக்கக் கூடாது."

"ஏன் மாமா? கையில இருக்கறது அவருதுதானே?"

"ஒன் ஒசரத்த அளக்கும்போது கொடைய விரிச்சிக்கினா நிப்ப?"

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குத் தூக்கம் போயிற்று. போர்டைப் பிடுங்குவதுகூடப் பரவாயில்லை. அன்று டயர் கடை வாசலில் கழுத்தை நிமிர்த்திச் சொன்னாளே ஒருத்தி, அவள் வந்து நிற்கும்போது பலகை இருந்த இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும் என்பதை நினைக்க முடியவில்லை.

அளந்தே ஆக வேண்டும். ஆனால் சாமியைத் தொடக் கூடாது. படித்த மூளைக்கு இது ஒரு விஷயமா? ஒரு கம்பை நட்டு அதன் நிழலையும், பெரியவரின் நிழலையும் அளந்தால் மிச்சத்தைக் கணக்கு சொல்லிவிடும். ஒரு பிற்பகல், ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில், கம்பும் டேப்புமாகப் போனேன். செம்முனியின் நிழல் கோயில் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நெல் வயலுக்குள் தலையை நீட்டியிருந்தது. வயலில் இறங்கி மீசை வரைக்கும் வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே இருந்த நாலு பெண்களும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாடா பண்ற?" என்றான் பூசாரி.

"சாமிய தொடல. நெழலத்தான்."

"நெழலு மட்டும் உங்க அப்பன் வூட்டுதா? அதுவும் அவருதுதான். ஏறு மேல."

டேப்பைச் சுருட்டினேன். கால் முழங்கால் வரை சேறு. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான். வழி முழுக்கத் திட்டினான். "அவரு வளர்ற சாமிடா. தெரியும் இல்ல?" நான் சிரித்ததற்கு இன்னும் கோபம் வந்தது. "எதுக்கு சிரிக்கற? போன வாட்டி பெயின்ட் அடிக்கறப்போ கொண்டயில வெடிப்புன்னு கொத்தனாரு சிமென்ட் வெச்சி ஏத்தல? அதுக்கு முந்தி கிரீடத்த மொத்தமா மாத்தல? நாம படிக்கறப்போ அந்த வேப்பமரத்துக்குக் கீழதானே இருந்தாரு, இப்போ எங்க இருக்காரு?"

பின்சீட்டில் ஒரு அம்மாள், "ஆமாங்க, வளர்றாருங்க. எங்க வூட்டு மாடியிலர்ந்து முன்ன கண்ணு தெரியும், இப்போ மீசதான் தெரியுது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அளக்க விடமாட்டேன் என்கிறான், வளர்கிறார் என்கிறான், நான் மகளுக்கு என்ன பதில் சொல்வது, உன் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது. அவள் என் காலைப் பார்த்து, "மொதல்ல சேத்த கழுவுங்க" என்றாள். கழுவி வந்ததும், "பூசாரி சொன்னதையே எழுதிப்புட்டா இன்னா?" என்றாள்.

மைத்துனன் சொன்ன நாளில் வந்தான். பைக்கில் ஒரு பெரிய டேப், பின்னால் ஒரு மூங்கில். பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். அறுபது அடியை அழித்த இடத்தில் புதுப் பெயின்ட் இன்னும் ஈரம்.

'செம்முனி. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார்.'

இரண்டு தடவை படித்தான். "இது அழுவுணி ஆட்டம் மாமா" என்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டான். வெளியே வரும்போது டேப்பை ஒளித்து வைத்துக்கொண்டான், பூசாரி பார்த்துவிடப் போகிறான் என்று.

"நாங்களும் போன வருஷம் கத்திய புதுசா போட்டோம்" என்றான் மெதுவாக.

"அப்போ அவரும் வளர்றாரு" என்றேன். வென்றவன் தாராளமாக இருக்கலாம்.

பத்து நாளில் பாகூர் பக்கம் பலகை மாறியது. 'எங்கள் வாமுனியும் வளர்கிறார். சற்று வேகமாக.'

ஆடியில் மகள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நாங்கள் அழைத்து வந்த கார் திருப்பத்தில் நின்றது. பலகையைப் படித்துவிட்டு ரோட்டிலேயே சிரித்தாள். ஷூவைக் கழற்றும் வரை அவள் அம்மா படம் எடுக்க விடவில்லை. கழற்றிவிட்டு, பலகைக்குப் பக்கத்தில், முனியின் சிவப்பு முழங்காலுக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூட வேன் ஒன்று போனது. அவள் குனியவில்லை. நான் படம் எடுத்தேன்.

டயர் கடை அம்மாளுக்குப் படத்தை அனுப்பி, பலகையில் இருந்ததை இங்கிலீஷில் எழுதினாள். மறுநாள் கோயிலில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். அழகாக இருக்கிறாராம். தங்கள் ஆள் மட்டும் வைத்த நாளிலிருந்து அதே இருபத்திரண்டு அடியிலேயே இருக்கிறானாம்.

பூசாரி படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். காதில் வாங்கிக்கொண்டு, இலையைத் துடைத்தபடியே சொன்னான்.

"பாவம். சோறு போடறது இல்ல போல."