கட்டையில் ஒரு வெட்டு

இன்று காலை ஆசாரி எங்கள் வாசல் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார். அந்த வாசனை என்னை 1968க்குக் கொண்டுபோனது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நல்லம்பள்ளியில் அப்பா பழைய துப்பாக்கிகளைச் சீர்செய்து கொடுப்பார். கிணற்றுப் பங்கில் சண்டையாகி மூன்று வருடம் பேசாமலிருந்த பெரியப்பா, வேறு ஆள் கிடைக்காமல் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதன் மரக்கட்டையில், சுட்ட காட்டுப்பன்றிக்கு ஒன்றாக ஏழு வெட்டுகள் இருந்தன. "புதுசாட்டம் ஆக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா குழலின் துருவை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தார். கட்டையை அரத்தால் ராவி, உப்புத்தாளால் நான்கு நாள் தேய்த்தார்.

"அந்த வெட்டெல்லாம் போவுதுங்களே" என்றாள் அம்மா. அப்பா இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

ஐந்தாம் நாள் காலை அப்பா கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார். பெரியப்பா வந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"எம் பன்னி ஏழும் எங்கடா?"

"புதுத் துப்பாக்கியில ஏதுங்க வெட்டு?" என்றார் அப்பா.

பெரியப்பா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, எண்ணெய் காயாத கட்டையில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டார்.

"இது எதுக்குங்க மாமா?" என்று அம்மா கேட்டாள்.

"உம் புருஷனுக்கு. சுட்டுட்டதா வெச்சுக்க."

பெரியப்பா இறந்தபோது அப்பா போகவில்லை, நான் போனேன். துப்பாக்கி சுவரில் தொங்கியது. அதன் பிறகும் அவர் எத்தனையோ பன்றி சுட்டிருந்தார். கட்டையில் அந்த ஒரு வெட்டு மட்டுமே இருந்தது.

இன்னொரு பூச்சு பூசட்டுமா என்று ஆசாரி கேட்டார். போதும் என்றேன்.