மழை இல்லாத ஊரிலிருந்து வந்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் ஒரு மொரோக்கோக்காரரோடு ஒரே அறையில் இருந்தேன். நான் மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவன். அவர் ஊரில் ஆடு மேய்த்தவர். இருவரும் நகரத்து ஓரமான சியாகுல்லித் தோட்டங்களுக்கு மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போவோம். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலியன் மட்டுமே.

ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மழை இல்லை. புல் இல்லை. ஆடு இல்லை,” என்றார். கொஞ்சம் யோசித்து, “பிறகு நானும் இல்லை,” என்று சிரித்தார்.

வெளிநாட்டவர் பதியும் பொலிஸ் அலுவலகத்துக்கும் ஒன்றாகவே போனோம். அதிகாரி என்னிடம், “உங்கள் நாட்டில் சண்டையா?” என்றார். தலையாட்டினேன். எழுதிக்கொண்டார். எங்கள் ஊர்க் குளமும் வற்றித்தான் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மொரோக்கோக்காரரிடமும் அதே கேள்வி.

“சண்டை இல்லை. மழைதான் இல்லை.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “மழை இங்கேயும்தான் இல்லை,” என்றார். அவர் கேலி செய்யவில்லை. அந்தக் கோடையில் நகரத்துக் குழாய்களில் ஒன்றுவிட்ட ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. அவர் வீட்டிலும் வாளிகள் காத்திருந்திருக்கும்.

சில மாதங்களில் எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. இனி அங்கே தங்கலாம், வேலை செய்யலாம். அவருக்கு நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஒரு தாள் வந்தது. அதை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னவன் நான்.

“ஊருக்குப் போய் எதை மேய்ப்பேன்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே வடக்கே போகும் ரயிலில் ஏறினார். எந்த ஊரில் இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. ரயில் போன பிறகும் மேடையில் நின்றேன். அதன்பின் அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மறித்தார்.

“என்ன தம்பி, தனியவோ இருக்கிறாய்?”

“ஓம் அண்ணை.”

“எங்கடை ஆள் ஒருத்தர் வாறார். உன்ரை அறையிலை விடட்டோ?”

“கொஞ்ச நாள் போகட்டும் அண்ணை.”

“போனவன் ஆரோ வேறை நாட்டுக்காரன்தானே. அதுக்கேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறாய்?”

சும்மா சிரித்துவிட்டு பஸ் எடுத்தேன்.

புதியவர் மாசியில்தான் வந்தார். அதுவரை வேலை முடிந்து வந்து, ஒருவனுக்குச் சமைத்து, வானொலியில் பாதி புரியாத செய்திகளை ஓடவிட்டுப் படுத்துக்கொள்வேன்.